தண்ணீர் செதுக்கிய பாலை: ஆஸ்திரேலிய அவுட்பேக்குக்கு ஓர் அறிமுகம்

ஆஸ்திரேலிய வரைபடத்தில் ‘அவுட்பேக்’ என்று கோடு போட்டுக் காட்டிய இடம் எதுவும் கிடையாது. அதற்கு எல்லையும் இல்லை, தலைநகரமும் இல்லை. கடற்கரை நகரங்களை விட்டு உள்ளே போகப் போக வேலிகள் குறையும், செல்போனில் சிக்னல் போகும், அடுத்த பெட்ரோல் பங்க் இருநூறு கிலோமீட்டர் தள்ளி என்று ஒரு பலகை நிற்கும். அந்தப் பலகையிலிருந்து அவுட்பேக் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கண்டத்தின் பெரும்பகுதி இதுதான். வடக்கு மண்டலம் என்ற ஒரு நிர்வாகப் பகுதி மட்டுமே சுமார் 13.5 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு. அங்கே வாழ்பவர்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் டார்வினிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கிறார்கள். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல்முறை போய்வந்தவர்கள் சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். “ஒரு சிவப்புப் பாறை, நிறைய ஈ, நடுவில் ஒன்றுமே இல்லை” என்பார்கள். நடுவில் நிறையவே இருக்கிறது; எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். தண்ணீரைத் தேடிப் பாருங்கள் என்பது என் யோசனை. அங்கே நாம் வாய்பிளந்து பார்க்கிற ஏறக்குறைய எல்லாமே, பாறையானாலும் பள்ளத்தாக்கானாலும் ரத்தினக் கல்லானாலும், எந்தக் காலத்திலோ ஓடிய தண்ணீரின் கைவேலை. சிலவற்றில் அந்த வேலை இன்றும் மண்ணுக்கடியில் நடந்துகொண்டிருக்கிறது. ரயில் ஏன் அந்த வழியாகப் போனது, ஊர் ஏன் அந்த இடத்தில் முளைத்தது என்ற கேள்விகளுக்கும் பெரும்பாலும் அதுவே பதில்.

ஏன் காய்ந்தது, ஏன் சிவந்தது

நிலநடுக்கோட்டை ஒட்டிச் சூடான ஈரக்காற்று மேலே ஏறி, மழையாகக் கொட்டித் தீர்க்கிறது. ஈரம் இழந்த காற்று வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 30 பாகை அட்சரேகையை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்திச் சூடாகும். சூடாகும் காற்றில் மேகம் திரளாது. வட பாதியில் சகாரா இந்தப் பட்டையின் அடியில் கிடக்கிறது. தென் பாதியில் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி. போதாததற்கு, கிழக்குக் கரை நெடுக நிற்கும் பெரும் பிரிப்பு மலைத்தொடர் பசிபிக் காற்றின் ஈரத்தில் பெரும்பங்கைத் தன் பக்கமே இறக்கிக்கொள்கிறது. உள்நாட்டில் மேகத்தைத் தடுத்து நிறுத்த உயரமான மலையும் இல்லை.

கண்டத்தின் நடுவே இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 280 மில்லிமீட்டர். இந்தச் சராசரியை நம்பி எதுவும் செய்ய முடியாது. சில ஆண்டுகள் பொட்டுத் தூறலோடு போய்விடும், வேறோர் ஆண்டில் அடித்துக்கொண்டு போகும். அந்த ஊர் வழியே ஓடும் டாட் ஆறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். அந்த மணலில் ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் படகுப் போட்டி நடத்துகிறார்கள். அடித்தட்டு இல்லாத படகுக்குள் நின்றுகொண்டு, படகைக் கையால் தூக்கிப் பிடித்து ஓடுவார்கள். 1993-ல் அந்தப் போட்டி ரத்தானது. காரணம், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே காடும் ஏரியும் இருந்தன. உள்நாட்டு ஏரிப் படிவுகளில் முதலை, பூநாரை ஆகியவற்றின் எலும்புகள் புதைபடிவங்களாகக் கிடைக்கின்றன. அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்த கண்டம் மெல்ல வடக்கே நகர்ந்தது, உலகின் தட்பவெப்பமும் மாறியது, நிலம் காய்ந்தது. சிவப்பும் ஈரம் விட்டுச் சென்றதுதான். பாறையிலுள்ள இரும்பு, நீரும் காற்றும் பட்டுத் துருப்பிடித்தது. பாறை பொடிந்து மணலானபோது துரு ஒவ்வொரு மணியிலும் ஒட்டிக்கொண்டது. நடு ஆஸ்திரேலியாவின் பெரும் சிவப்புப் பாறையான உலுருவில் மேலோடு பெயர்ந்த இடங்களில் எட்டிப் பார்த்தால் உள்ளே பாறை சாம்பல் நிறம். உலகம் முழுக்கப் படமெடுக்கும் அந்தச் சிவப்பு, மேலே படிந்த மெல்லிய துருப்பூச்சுதான்.

உலுருவும் கட்டா ஜூட்டாவும்

உலுரு சமவெளியிலிருந்து 348 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அடிவாரத்தைச் சுற்றினால் 9.4 கிலோமீட்டர். கூழாங்கல் ஒன்றை யாரோ கொண்டுவந்து மணலில் வைத்த மாதிரி படங்களில் தெரியும். உண்மையில் மண்ணுக்கு மேல் தெரிவது, கீழே பல கிலோமீட்டர் ஆழத்துக்குப் போகும் பாறை அடுக்கின் நுனி மட்டுமே.

அது உருவான கதை இது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் பெரிய மலைத்தொடர் ஒன்று இருந்தது. செடிகொடி எதுவும் நிலத்துக்கு வராத காலம் என்பதால் மழை பெய்தபோதெல்லாம் வெறும் மலை கரைந்து ஓடியது. வெள்ளம் மலையடிவாரத்தில் விசிறி வடிவில் மணலையும் கல்லையும் கொட்டியது. ஒரு விசிறியில் கரடுமுரடான மணல் சேர்ந்தது. இன்னொன்றில் கூழாங்கற்களும் பெரிய உருண்டைக் கற்களும் சேர்ந்தன. பிறகு கடல் வந்து மூடியது, மேலே சேறும் மணலும் ஏறியது, எடை தாங்காமல் அடியில் இருந்தவை பாறையாக இறுகின. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை நிலம் நெருக்குண்டு மடிந்தபோது மணல் விசிறி ஏறக்குறையச் செங்குத்தாகத் திரும்பியது. அதுதான் உலுரு. படுக்கையில் இருந்த அப்பளக் கட்டை நிமிர்த்தி விளிம்பில் நிறுத்தியது போல அதன் அடுக்குகள் நிற்கின்றன. பாறை முழுக்க மேலிருந்து கீழாக ஓடும் வரிப்பள்ளங்களைப் பார்த்தால் இது புரியும். கற்கள் சேர்ந்த மற்ற விசிறியோ கொஞ்சம்தான் சாய்ந்தது. உலுருவுக்கு மேற்கே முப்பது கிலோமீட்டரைத் தாண்டி நிற்கும் கட்டா ஜூட்டா அதுதான்: 36 குவிமாடங்கள், அவற்றில் உயரமானது சமவெளியிலிருந்து 546 மீட்டர். அருகே போய்ப் பாருங்கள், சுவர் முழுக்க உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும். ஓடும் நீரில் உருளாமல் கல் அப்படி வழவழப்பாகாது.

எனக்குக் கேட்டால் உலுருவைவிடக் கட்டா ஜூட்டாதான் பிடிக்கும். கூட்டம் குறைவு, குவிமாடங்களுக்கு நடுவே நடக்கும்போது காற்றின் ஓசை தவிர வேறொன்றும் கேட்காது. ஆனால் மழை நாளில் உலுருவின் அருகில் இருக்க வாய்த்தால் வேறெங்கும் போகாதீர்கள். பாறையின் நெற்றியிலிருந்து டஜன் கணக்கில் அருவிகள் இறங்கும். மற்ற நாட்களில் அந்த அருவிகளின் தடம் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். ஈரம் படும் வழியில் வளர்ந்து காய்ந்த பாசி அது. அடிவாரத்தில் முட்டிட்ஜுலு என்ற சுனை வறண்ட மாதங்களிலும் பெரும்பாலும் தண்ணீரோடு இருக்கும். அதை ஒட்டிய குகைச் சுவர்களில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. தண்ணீர் இருந்த இடத்தில் மனிதர்கள் தங்கினார்கள், தங்கியவர்கள் வரைந்தார்கள்.

அந்த மனிதர்கள் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அனங்கு மக்கள். நிலத்தின் வடிவம், அதில் வாழும் முறை, சட்டம், முன்னோர் கதைகள் எல்லாம் சேர்ந்த அவர்களுடைய மரபுக்கு ஜுகுர்பா என்று பெயர். மேலே நான் சொன்ன புவியியல் கதை நூறாண்டுச் சொத்து. அவர்களுடையது பல ஆயிரம் ஆண்டுகள் வாய்வழி வந்தது. 1873-ல் வில்லியம் காஸ் என்ற நில அளவையாளர் இங்கு வந்து, தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமைச் செயலர் ஹென்றி ஏயர்ஸின் பெயரைப் பாறைக்கு வைத்தார். 1985 அக்டோபர் 26 அன்று நிலம் அனங்கு மக்களிடம் முறைப்படி திருப்பித் தரப்பட்டது; அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாக நடத்த அரசுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். பாறைமேல் ஏறவேண்டாம் என்று பல காலம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தும் போனார்கள். ஒரு வழியாக 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதற்குத் தடை. புனிதம் ஒருபுறம் இருக்கட்டும், வெறும் சுகாதாரக் கணக்கே போதும்: உச்சியில் கழிப்பறை கிடையாது, அங்கே விட்ட அசுத்தம் அடுத்த மழையில் கீழே இருக்கும் சுனைக்குத்தான் வரும். அடிவாரத்தைச் சுற்றி நடப்பது ஏறுவதைவிட நல்ல அனுபவம். வழியில் சில இடங்களில் படமெடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு நடங்கள்.

உருண்டைப் பாறைகள், பள்ளத்தாக்குகள், ஒரு விசித்திரப் பனை

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடக்கே டார்வின் செல்லும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில், டெனன்ட் கிரீக் ஊருக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் முன்னால், சாலையோரத்திலேயே கார்லு கார்லு வரும். ஆளுயரம் முதல் வீட்டுயரம் வரை கிரானைட் உருண்டைகள், ஒன்றின் மேல் ஒன்று, இப்போது விழுமோ அப்போது விழுமோ என்று நிற்கும். யாரும் உருட்டிவந்து வைத்தவையல்ல, இருந்த இடத்திலேயே உருவானவை. கிரானைட் மண்ணுக்கடியில் இருந்தபோதே அதில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் விழுந்து, கட்டங் கட்டமாகப் பிளந்தது. விரிசல் வழியே இறங்கிய நீர் ஒவ்வொரு கட்டத்தையும் அரித்தது. மூலைகளில் மூன்று பக்கமும் நீர் படுவதால் அவை முதலில் கரைந்தன. மூலை போனால் மிஞ்சுவது உருண்டை. பிறகு மேல்மண் அரித்துப் போனதும் உருண்டைகள் வெளியே வந்தன.

இந்த உருண்டைகளில் ஒன்றுக்கு ஒரு பயணக் கதை உண்டு. ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் 1928-ல், விமானத்தில் மருத்துவரை அனுப்பும் சேவையைத் தொடங்கியவர். அவுட்பேக்கில் அவரை மதிக்காதவர் இல்லை. அவர் இறந்தபின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உள்ள கல்லறைக்கு அடையாளமாக 1950-களின் தொடக்கத்தில் கார்லு கார்லுவிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துப் போய் வைத்தார்கள். அந்த இடம் தங்களுக்குப் புனிதம் என்று பூர்வகுடிகள் விடாமல் சொல்லி, 1999-ல் அந்தக் கல் பழைய இடத்துக்கே திரும்பியது. கல்லறைக்கு வேறொரு கல்லை ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியின் பூர்வகுடிகளான அரேன்டே மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள்.

கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, போனால் கால் தானாக நிற்கும். நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தான மணற்பாறைச் சுவர்கள். விளிம்பைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் நடை. தொடக்கத்திலுள்ள ஏற்றம் மூச்சு வாங்கவைக்கும். கடும் வெயில் என்று முன்னறிவிப்பு வந்தால் காலையிலேயே பாதையை மூடிவிடுவார்கள், ஆகவே விடியும் முன் கிளம்புங்கள்.

அதைவிட எனக்கு வியப்பு தருவது ஃபிங்க் ஆறு. உலகின் மிகப் பழைய ஆற்றுப்பாதைகளில் ஒன்று என்று இதைச் சொல்வார்கள். மலைத்தொடர் உயர்ந்தபோது ஒதுங்கிப் போகாமல் குறுக்கே அறுத்துக்கொண்டே இருந்த ஆறு. இன்று பார்த்தால் வெண்மணல், ஓரத்தில் யூக்கலிப்டஸ் மரங்கள், ஆங்காங்கே குட்டை. பெருவெள்ளம் வந்தாலும் கடலைப் பார்க்காது. சிம்ப்சன் பாலைவனத்தின் மணலில் உறிஞ்சிப் போய்விடும். அதன் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றில் பனை மரங்கள் நிற்கின்றன. பாலையின் நடுவே பனையா என்று வந்தவர்கள் எல்லாம் திகைத்தார்கள். மிக நெருங்கிய உறவுப் பனைகள் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே இருக்கின்றன. பழைய ஈரக்காட்டின் மிச்சம் இவை என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 2012-ல் வெளிவந்த மரபணு ஆய்வு வேறு சொன்னது: இந்தப் பனை வடக்கு இனத்திலிருந்து பிரிந்து சுமார் 15,000 ஆண்டுகளே ஆகின்றன. மனிதர்கள் விதையைக் கொண்டுவந்திருக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. வடக்கிலிருந்து தெய்வங்கள் விதையைக் கொண்டுவந்தன என்று சொல்லும் பூர்வகுடிக் கதை ஒன்றை ஜெர்மன் பாதிரியார் ஒருவர் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதி வைத்திருந்தார்.

மரம் என்றதும் இன்னொன்று. உலுரு போகும் சாலையில் மணற்குன்றுகளுக்கு நடுவே ஊசியிலை தொங்கும் மரங்கள் தோப்பாக நிற்கும். ஆங்கிலத்தில் ‘டெசர்ட் ஓக்’, அதாவது பாலைக் கருவாலி, என்று பெயர் இருந்தாலும் அது நம் கடற்கரைச் சவுக்கின் பங்காளிதான். இலையைப் பார்த்தாலே தெரியும். இளம் மரங்கள் கிளை விரிக்காமல், ஒல்லியாக, இறகு செருகிய மாதிரி நிற்கும். அந்தக் காலமெல்லாம் ஆணிவேர் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. நிலத்தடி நீரைத் தொட்ட பிறகுதான் மரம் கிளை பரப்பிக் குடை விரிக்கும். சாலையிலிருந்தபடியே எந்த மரம் தண்ணீரைக் கண்டுவிட்டது, எது இன்னும் தேடுகிறது என்று சொல்லிவிடலாம்.

காலடியில் ஒரு கடல் அளவுக்குத் தண்ணீர்

கிழக்குப் பாதியின் கீழே பெரும் ஆர்ட்டீசியன் படுகை இருக்கிறது. சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர், கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். நுண்துளைகள் கொண்ட மணற்பாறை அடுக்கு ஒன்று, நீர் புகாத களிப்பாறை அடுக்குகளுக்கு நடுவே, சில இடங்களில் மூவாயிரம் மீட்டர் ஆழம் வரை வளைந்து கிடக்கிறது. அதன் கிழக்கு விளிம்பு பெரும் பிரிப்பு மலைத்தொடரை ஒட்டி மேலே எட்டிப் பார்க்கிறது. அங்கே பெய்யும் மழை பாறைக்குள் இறங்கி, ஆண்டுக்குச் சில மீட்டர் என்ற வேகத்தில் மேற்கே நகர்கிறது. தென்மேற்கு ஓரத்தில் வெளிவரும் நீர் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. விளிம்பு உயரத்தில் இருப்பதால் கீழே அழுத்தம் அதிகம். துளை போட்டால் பம்பு இல்லாமலே நீர் மேலே பீறிடும். ஆழத்தைப் பொறுத்து அது வெதுவெதுப்பாகவோ கொதிக்கக் கொதிக்கவோ வரும்.

1878-ல் நியூ சவுத் வேல்ஸின் பர்க் ஊர்ப்பக்கத்தில் முதல் துளை போட்டார்கள். பிறகு பண்ணைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் போட்டு, மூடாமல் விட்டு, நீரைத் திறந்த வாய்க்கால்களில் ஓடவிட்டார்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு வெயிலுக்கும் மண்ணுக்கும்தான் போனது. அழுத்தம் குறைந்து பல இயற்கை ஊற்றுகள் வற்றின. 1999-ல் அரசுகள் சேர்ந்து துளைகளுக்கு மூடி போட்டுக் குழாய் பதிக்கத் தொடங்கிய பிறகே அழுத்தம் பல இடங்களில் மீண்டது.

படுகையின் தென்மேற்கு ஓரத்தில், களிப்பாறை மெலிந்து விரிசல் விட்ட இடங்களில், நீர் தானாகவே மேலே வருகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு வாயைச் சுற்றிப் படியும், பறந்துவரும் மணலை நாணல் பிடித்து வைக்கும். காலப்போக்கில் மேடு வளர்ந்து, மேட்டின் உச்சியில் குளம் நிற்கும். மரீ ஊரிலிருந்து வடக்கே போகும் ஊட்னடாட்டா மண் சாலையை ஒட்டி இப்படி இரண்டு மேட்டு ஊற்றுகளை இறங்கிப் பார்க்கலாம். ஒன்றில் மணல் அடியிலிருந்து குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். இன்னும் வடக்கே டால்ஹவுசி ஊற்றுகளில் வெந்நீர்க் குளம் உண்டு, குளிக்கலாம். உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் அதில் நீந்துகின்றன, காலைக் கடித்துப் பார்க்கும்.

இந்த ஊற்றுகள் வரிசையாக அமைந்ததால் அதுவே வழியாயிற்று. பூர்வகுடிகள் காவிமண் வாங்க இந்தத் தடத்தில்தான் நெடும்பயணம் போனார்கள். ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் 1862-ல் கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடந்தபோது ஊற்றிலிருந்து ஊற்றுக்கே போனார். அவர் தடத்தை ஒட்டி 1872-ல் தந்திக் கம்பி வந்தது. டார்வினில் கடலுக்குள் இறங்கிய கம்பி ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு வழியாகச் சென்னைக் கரையேறி லண்டன் வரை செய்தி கொண்டுபோனது. பிறகு நீராவி ரயில். எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டுமே! ஒட்டகக்காரர்களும் இதே தடம்தான். இன்றைய ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வட இந்தியப் பகுதிகளிலிருந்து ஒட்டகங்களோடு வரவழைக்கப்பட்டவர்கள் மரீயில் மசூதி கட்டித் தொழுதார்கள். லாரி வந்தபின் ஒட்டகங்களை அவிழ்த்து விட்டுவிட்டார்கள். அவை பெருகி, இப்போது பாலைச் சுனைகளைக் கலக்கிக் குடித்துத் தீர்ப்பது வேறு பிரச்சினை.

பழைய ரயில் 1929-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸை எட்டியது. தண்ணீரைத் தேடி ஆற்றுப் பள்ளங்களை ஒட்டிப் போட்ட பாதை என்பதால் வெள்ளம் அடிக்கடி தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனது. ரயில் நாள்கணக்கில் தாமதமாவது சாதாரணம். கடைசியில் 1980-ல் வெகுதூரம் மேற்கே தள்ளிப் புதுப் பாதை போட்டார்கள்.

நிரம்பினால் ஏரி, இல்லாவிட்டால் உப்பு

கட்டி தண்டா, அதாவது ஐர் ஏரி, கண்டத்தின் மிகத் தாழ்ந்த இடம்: கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 15 மீட்டர். ஆறில் ஒரு பங்கு கண்டத்தின் நீர் இதை நோக்கி வடிகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் வந்து சேர்வதில்லை. குவீன்ஸ்லாந்தின் மேற்கே பருவமழை கொட்டினால் நீர் ஆயிரம் கிலோமீட்டர் தட்டை நிலத்தில் பரந்து, கிளைத்து, வாரக்கணக்கில் ஊர்ந்து வரும். வழியெல்லாம் மண் குடிக்கும், வெயில் குடிக்கும். முழுதாக நிரம்புவது நூறாண்டில் ஒருசில முறைதான். 1974-ல் வந்தது பெரிய வெள்ளம், 2025-லும் நல்ல நீர்வரத்து. நிரம்பினால் சுமார் 9,500 சதுர கிலோமீட்டர். எங்கிருந்தோ கூழைக்கடாக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குஞ்சு பொரிக்கும். நீர் வற்ற வற்ற உப்பேறி மீன்கள் சாகும், பறவைகள் கிளம்பும், கெட்டி உப்புத் தளம் மிஞ்சும்.

அந்த உப்புத் தளம் எவ்வளவு கெட்டி என்றால், பிரிட்டனின் டொனால்டு கேம்ப்பெல் 1964 ஜூலை 17 அன்று அதன்மேல் மணிக்குச் சுமார் 648 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டி உலக சாதனை செய்தார். அதற்கு முந்தைய ஆண்டே ஓட்டியிருக்க வேண்டியது. மழை பெய்யாத இடம் என்று தேடிப் பிடித்து வந்தவருக்கு, வந்த ஆண்டில் மழை பெய்தது.

இது அரபானா மக்களின் நிலம். ஏரிக்குள் இறங்க வேண்டாம் என்பது அவர்கள் கோரிக்கை. கரையில் நின்று பார்த்தால் வெண்மை மட்டுமே தெரியும், எனவே மரீயிலிருந்தோ வில்லியம் கிரீக்கிலிருந்தோ கிளம்பும் சிறு விமானத்தில் ஏறுவது நல்லது. செலவுதான், வேறு எதிலாவது மிச்சம் பிடியுங்கள்.

இந்த வட்டாரத்தில் கூபர் பீடி என்ற ஊரையும் சேர்த்துக்கொள்ளலாம். 1915-ல் தங்கம் தேடி வந்த ஒரு குழுவில் 14 வயதுப் பையன் ஒருவன், தண்ணீர் தேடிப் போன இடத்தில் ஓபல் கற்களோடு திரும்பினான். ஓபலும் தண்ணீரின் வேலைதான். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே உள்நாட்டுக் கடல் இருந்தது. அது போன பின்பு, சிதைந்த பாறையிலிருந்து கரைந்த சிலிக்கா நிலத்தடி நீரோடு இறங்கி விரிசல்களிலும் பொந்துகளிலும் தேங்கி, நீர் ஆவியாக ஆக நுண்ணிய உருண்டைகளாக அடுக்கியது. அடுக்கு ஒழுங்காக அமைந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறி வண்ணம் காட்டும். கல்லின் எடையில் சில சதவீதம் இன்றும் நீர்தான். எலும்பும் சிப்பியும் கிடந்த பொந்துகளில் சேர்ந்தபோது கடல் ஊர்வனவற்றின் எலும்புகள்கூட ஓபலாக மாறியிருக்கின்றன. ஊர்மக்களில் பாதிப்பேர் குன்றுகளைக் குடைந்து உள்ளே வாழ்கிறார்கள். வெளியே 45 பாகை கொதித்தாலும் உள்ளே 24, 25 பாகைதான். தங்கும் விடுதிகளும் தேவாலயங்களும்கூடப் பாறைக்குள் உண்டு. சுரங்கக்குழிகள் மூடப்படாமல் கிடக்கும் இடங்களில் படமெடுக்கப் பின்னால் நகராதீர்கள்.

தண்ணீர் செய்யாதவை என்றால் விண்கல் பள்ளங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் தெற்கே ஹென்பரியில் சில ஆயிரம் ஆண்டுகளே ஆன சிறு பள்ளங்கள் கூட்டமாக உள்ளன. மேற்கே ட்னோராலா 14 கோடி ஆண்டுப் பழசு. அதிலும் வெளிவட்டம் முழுக்க அரித்துப் போய், மோதலில் நடுவே எழும்பிய பாறை வளையம்தான் நிற்கிறது.

போவதற்கு முன்

மே முதல் செப்டம்பர் வரை போங்கள். கோடையில் ஊட்னடாட்டாவில் 1960-ல் 50.7 பாகை பதிவாகியிருக்கிறது. குளிர்காலப் பகல் இதமாக இருக்கும்; இரவு உறைநிலைக்குக் கீழே போகும், பாலைதானே என்று மெல்லிய போர்வையோடு போகிறவர்கள் நடுங்குவார்கள். நேரம் குறைவென்றால் உலுருவுக்கு நேரே விமானம் உண்டு. ஆனால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து காரில் போகும் சுமார் 450 கிலோமீட்டரில்தான் நிலம் பழக்கமாகும். இதுவரை சொன்ன முக்கிய இடங்களில் உலுரு, கிங்ஸ் கேன்யன், கார்லு கார்லு, கூபர் பீடி எல்லாம் தார்ச்சாலையில் சாதாரணக் காரிலேயே எட்டக்கூடியவை. பனைப் பள்ளத்தாக்குக்கும் டால்ஹவுசிக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் ஓட்டிப் பழகிய கையும் வேண்டும். சில சாலைகள் பூர்வகுடி நிலங்கள் வழியாகப் போகின்றன, அவற்றுக்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்று கணக்கு வையுங்கள். ஒரே பெரிய கேனில் ஊற்றாமல் பல கேன்களில் பிரித்து வைத்தால் ஒன்று ஓட்டையானாலும் கவலையில்லை. வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்கவே கூடாது. அவுட்பேக்கில் நடந்த பல சாவுகள் வண்டியை விட்டு உதவி தேடி நடந்தவர்களுடையவை. மேலிருந்து தேடும் விமானத்துக்குக் கார் தெரியும், ஆள் தெரியமாட்டார். மண் சாலையில் போவதென்றால் சாட்டிலைட் போனோ அவசரச் சமிக்ஞைக் கருவியோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பொழுது சாய்ந்தபின் ஓட்டாதீர்கள். கங்காரு, மாடு, ஒட்டகம் எல்லாம் அந்த நேரத்தில்தான் சாலைக்கு வரும். இரவில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று வாடகைக் கார் ஒப்பந்தங்களிலேயே எழுதியிருப்பார்கள், கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். ரோடு டிரெயின் என்னும் தொடர்லாரிகள் 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். முந்துவதற்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் வெற்றுச் சாலை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பின்னாலேயே போவதில் ஒன்றும் குறைந்துவிடாது. எதிரில் வரும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். நீங்களும் தூக்குங்கள், அங்கே அதுதான் வணக்கம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் அரிசி, பருப்பு, ஊறுகாய், ஒரு சிறு கேஸ் அடுப்பு என்று கட்டிக்கொண்டு போவது நல்லது. வழியோர ரோட்ஹவுஸில் பெரும்பாலும் உருளைக்கிழங்கு வறுவல்தான் கிடைக்கும். தெற்கு ஆஸ்திரேலிய எல்லையைக் கடக்கும்போது பழங்களுக்கு அனுமதியில்லை, பழங்களைக் கெடுக்கும் ஈயை அண்டவிடாமல் இருக்க அவ்வளவு கெடுபிடி. முகத்தை மொய்க்கும் ஈ வேறு வகை. அதற்குத் தொப்பியோடு வரும் வலை வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள், உள்ளூர்க்காரரும் போடுவார்.

மழை வந்தால் திட்டம் எல்லாம் மாறும். சிவப்பு மண் சாலை சில மணி நேரத்தில் களிச்சேறாகிவிடும். ஈரச் சாலையில் ஒரே ஒரு வண்டி போனாலும் அந்தத் தடம் காய்ந்து மாதக்கணக்கில் நிற்கும் என்பதால் சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் போனால் பெரிய அபராதம். சாலை நிலவரத்தை அரசின் இணையதளத்திலும், அதைவிட நம்பகமாக ரோட்ஹவுஸ் கல்லாவில் இருப்பவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் விமான டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாள் சும்மா விட்டு வையுங்கள்.